அவரைக்காய் அண்ணலை வழிமறித்த படலம்

வாழ்க டெஸ்மண்ட் ட்ரஸ்காட்! வழுக்கை மறைக்கும் வைக்கோல் தொப்பி வேந்தே, வாழ்க! ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரியாய் வாழ்நாளின் பெரும்பகுதியை அடுத்தவர் காரின் முன்னிருக்கையில் கழித்து, பின்னால் வருவதைக் கண்ணாடியில் பாராமல் வண்டியைத் திருப்பிய காளையரையும் கன்னியரையும் வாளெடாமல் வேலெடாமல் ஒற்றைப் பெருமூச்சால் வீழ்த்திய வீரனே, வாழ்க! ஓய்வு பெற்று, ஓயாத முழங்கால் வலியைப் பரிசிலாகக் கொண்டு, ஆங்கில நாட்டின் மேற்கே மேடும் பள்ளமும் மழையும் சேறுமாய்க் கிடக்கும் ஃபென்னிங் என்னும் சிற்றூர் புகுந்து, கோழியெரு கமழும் கொல்லையிலே கொடியவரைப் பந்தலின் கீழ்க் கொலுவிருக்கும் கோவே, நின் பெரும்போரைப் பாட வந்தேன்.

காப்புக்கு யாரை அழைப்பது? மழைக்கடவுளை அழைக்கலாம், ஆனால் இவ்வூரில் அவர் அழையாமலே வந்து, போகச் சொன்னாலும் போகாமல் இருப்பவர். ஆகவே ஊர்ச் சந்தின் இருபுறமும் ஓங்கி நிற்கும் வேலியைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன். ஒருவர் ஒளிந்துகொள்ளப் போதிய அடர்த்தியும், ஒளிந்தவர் வெளியே பாயப் போதிய இடைவெளியும் ஒருங்கே வாய்த்த முள்வேலியே, இக்கதை முடியும்வரை என்னை யாரும் நிறுத்திப் பேச்சுக் கொடுக்காமல் காத்தருள்வாயாக.

வேலிக்கு ஏன் இத்தனை வணக்கம் என்று கேட்பீர்கள். ஆங்கிலேயர் தம் மொழியில் 'வேலே' என்றொரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். வழியோரம் பதுங்கிக் கிடந்து, வருகிறவர்மேல் பாய்ந்து, அப்பால் போக விடாமல் மறித்தல் என்பது அதன் பொருள். பாலை நிலத்துக் கள்வரின் தொழிலை நம் பழம்புலவர் ஆறலைத்தல் என்றார்களே, அதே காரியம். ஒரு காலத்தில் குதிரைவண்டியை நிறுத்திக் கைத்துப்பாக்கி நீட்டிய கொள்ளையருக்கே அச்சொல் உரியதாக இருந்தது. பிறகு கொள்ளையர் ஒழிந்தனர், குதிரைவண்டி ஒழிந்தது, வேலி மட்டும் நின்றது, சொல்லும் நின்றது. சும்மா நிற்கும் சொல்லை ஊர் சும்மா விடுமா? கடைக்குப் போகிறவரைத் தபால்பெட்டி அருகே பிடித்துவைத்து, நாத்தனாரின் இடுப்பு அறுவை சிகிச்சையை முதல் தையலிலிருந்து விவரிப்பவர்களுக்கு அச்சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அச்சொல்லை அவர்கள் கையாளும் விதமும் தனி அழகு. சோறு ஆறியதா, பேருந்து போயிற்றா, பால் வாங்க மறந்ததா, எல்லாவற்றுக்கும் 'வழியில் என்னை மறித்துவிட்டார்கள்' என்பதே விடை. அதற்குமேல் மனைவியும் கேட்க மாட்டாள், நீதிபதியும் கேட்க மாட்டார். ஆனால் 'நான் மறித்தேன்' என்று ஒப்புக்கொண்ட ஒருவரை இந்நாட்டில் நெடுங்காலம் குடியிருக்கும் அடியேன் இன்றுவரை கண்டதில்லை. மறிபட்டவர்களால் மட்டுமே நிரம்பிய தேசம் இது. அடியேனே ஒருநாள் ரொட்டி வாங்கப் புறப்பட்டு, ரொட்டியில்லாமல், ஆனால் பக்கத்துத் தெருச் சாக்கடை அடைப்பு பற்றிய முழு ஞானத்தோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

நிற்க. நம் நாயகனின் நெஞ்சில் தைத்திருந்த முள் வேறு.

ஃபென்னிங் ஊரில் ஒருவர் வீடு வாங்கினால் வீடுதான் அவருக்குச் சொந்தமாகும், பெயர் சொந்தமாகாது. டெஸ்மண்ட் வாங்கிய வீட்டில் முன்பு குடியிருந்தவர் பெட்டிஃபர் என்னும் கொல்லர். அவர் இறந்து, அவர் கல்லறையில் பாசி படர்ந்து, அப்பாசியை ஒருமுறை சுரண்டி மறுமுறையும் படர்ந்த பின்னும், ஊராருக்கு டெஸ்மண்ட் 'பெட்டிஃபர் வீட்டுக்காரர்'தான். "பெட்டிஃபர் வீட்டுக்காரருக்கு ஒரு ரொட்டி எடுத்து வைங்க" என்பார் கடைக்காரர். "பெட்டிஃபர் வீட்டுக்காரர் பக்கம் அந்த பிஸ்கட்ட கொஞ்சம் தள்ளுங்க" என்பார்கள் கிறித்தவக் கோயில் தேநீர் விருந்தில். செத்தவனுடைய பெயரைச் சுமந்துகொண்டு உயிரோடு நடமாடுவது அவனுக்கு வலித்தது. பகடிக் கதை என்பதற்காக அந்த வலியை நான் மறைக்க மாட்டேன். இரவல் சட்டை போட்டுக்கொண்டே கல்யாண வீட்டுக்குப் போய் வருவது போன்ற வலி அது.

அதற்கு மருந்து ஒன்றே ஒன்று. ஆண்டுதோறும் கோடை முடிவில் நடக்கும் காய்கறிக் கண்காட்சியில் எல்லாவற்றிலும் நீளமான கொடியவரைக்காய்க்கு ஒரு வெள்ளிக் கோப்பை உண்டு. வென்றவர் பெயரை அதில் பொறித்து, மதுக்கடையின் கண்ணாடி அலமாரியில் ஊரே பார்க்க வைப்பார்கள். கோப்பையில் பெயர் ஏறியவரை அதன்பின் யாரும் வீட்டுப் பெயரால் அழைத்ததில்லை. கொடியவரை நாற்றுக்கு டெஸ்மண்ட் தாலாட்டுப் பாடாத குறைதான். கம்பளியைக் கிழித்து வேருக்குப் போர்த்தினான், காற்று வீசும்போதெல்லாம் பந்தலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மனையாள் மாரியன் சமையலறை ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்து அலுத்தவள்.

"பேர் வேணும்னா முதுகுல எழுதி ஒட்டிக்கோங்களேன்! ஒரு அவரைக்காய்க்கு ஏங்க இந்தப் பாடு?" என்றாள்.

"உனக்குப் புரியாது மாரியன்."

"எனக்கா புரியாது? என்னைய பெட்டிஃபர் வீட்டம்மானுதான் கூப்பிடறாங்க. நான் என்ன தோட்டத்துல நின்னு அழுதுட்டா இருக்கேன்?"

இனி எதிரியைப் பாடுவோம். வினிஃப்ரெட் பாஸ்கோம்! மும்மாரி பெய்யும் மேகமும் மூச்சு விட நிற்கும், அவள் வாய் நிற்காது. பச்சை மழைக்கோட்டும் முட்டியளவு ரப்பர் காலணியும் கவசமாகத் தரித்தவள். ஒரு பேச்சின் முடிவை அடுத்த பேச்சின் தொடக்கத்தோடு தையல் தெரியாமல் இணைக்க வல்லவள். அக்கோப்பையில் தன் பெயரையே திரும்பத் திரும்பப் பொறிக்க வைத்து, பொறிப்பவருக்கு அவள் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பழக்கத்தை உண்டாக்கியவள். அவ்வாண்டு, வேலி மேலாகப் பெட்டிஃபர் வீட்டுப் பந்தலை எட்டிப் பார்த்தாள். பார்த்த முகம் வெளுத்தது. தன் காயைவிட அந்தக் காய் நீளம் என்பதை அவள் கண் அளந்துவிட்டது. காயை வெல்ல முடியாவிட்டால் காய்க்காரனை வெல்லலாம் என்று அப்போதே முடிவு கட்டினாள்.

ஏனெனில் கண்காட்சிக்கு ஒரு விதி உண்டு. ஊர்ப் பாதிரியார் கூடாரத்து வாயிலில் நின்று கைமணியை ஆட்டுவார். மணி ஒலிக்குமுன் மேசைமேல் வைத்த காய் போட்டியில் உண்டு. ஒலித்த பின் வந்தது, அது தேவலோகத்து அவரையே ஆனாலும், சாம்பாருக்குத்தான் ஆகும். அதாவது, சாம்பார் வைக்கத் தெரிந்த நாடாக இருந்தால்.

கண்காட்சி நாள் விடிந்தது. குளித்து, தாடி மழித்து, கழுத்துப்பட்டை கட்டி, ஈரத்துணியில் அவரைக்காயைக் குழந்தையைப் போலச் சுற்றி, அது வளையாதிருக்க மழைநீர்க் குழாய்த் துண்டு ஒன்றில் கிடத்தி, நாணேற்றிய வில்லைப் போல அக்குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு டெஸ்மண்ட் புறப்பட்டான். குழாய்முனைக்கு வெளியே காயின் வால் மட்டும் ஈரத்துணி போர்த்தி எட்டிப் பார்த்தது. அண்டை வீட்டு நாய் குரைத்து வழியனுப்பியது. மாரியன் வாயிலில் நின்று, "வழியில யார்கிட்டயும் பேச்சு குடுக்காதீங்க! தலைய ஆட்டிட்டு நடந்துட்டே இருங்க!" என்று கூறிய வீரவுரையே போர்முரசாக, சேறு தெறிக்கத் தெறிக்கச் சந்துக்குள் நுழைந்தான்.

தன் காயை விடிந்ததுமே கூடாரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிய வினிஃப்ரெட், சந்தின் வளைவில், சிவந்த தபால்பெட்டிக்கும் முள்வேலிக்கும் நடுவே, மீனுக்குக் காத்திருக்கும் கொக்கைப் போல ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றிருந்தாள். தொப்பி தெரிந்தது. குழாய் தெரிந்தது. பாய்ந்தாள்.

"அட, பெட்டிஃபர் வீட்டுக்காரரே! இப்பத்தான் உங்கள நெனச்சேன், வந்துட்டீங்க! ஆயுசு நூறு உங்களுக்கு!"

"குட் மார்னிங், மிசஸ் பாஸ்கோம். கொஞ்சம் அவசரமா..."

"எனக்கும்தான் அவசரம். ஒரே ஒரு நிமிஷம். எங்க நாத்தனார் இடுப்பு ஆபரேஷன் பத்தி உங்ககிட்ட சொன்னேனா?"

"சொன்னீங்க."

"எந்தப் பக்கத்து இடுப்பு?"

பொய் சொல்லிப் பழகாத வாய் அது. "இடது பக்கம்" என்றது.

"ஆங்! இது வலது பக்கம்!"

அந்தோ! இடப்புறக் கதையைக் கேட்டு மீண்டவன் வலப்புறக் கதையில் விழுந்தான். அங்கிருந்து அவனால் ஏன் ஓட முடியவில்லை என்று வேற்றூரார் வியக்கலாம். நோயைப் பற்றிப் பேசுகிறவரை நடுவாக்கியத்தில் விட்டுவிட்டுப் போவது இந்நாட்டில் கொலைக்கு அடுத்த குற்றம்; கொலைக்காவது வக்கீல் கிடைப்பார். வினிஃப்ரெட்டோ வாக்கியத்தை முடிப்பவள் அல்லள். மயக்க மருந்து கொடுத்தவரின் மீசையிலிருந்து மருத்துவமனைக் கூழின் பதத்துக்கும், கூழிலிருந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் மருமகனுக்கும், மருமகனிடமிருந்து அவன் விற்ற காருக்கும் அவள் தாவித் தாவிச் சென்றாள்.

டெஸ்மண்ட் தன் படைக்கலங்களை ஒவ்வொன்றாக எடுத்தான். முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நல்ல கடிகாரம். எங்க மாமனார் ஒண்ணு வச்சிருந்தார், அதோட கதை கேளுங்க" என்று அதையே பிடுங்கித் தன் கையில் ஆயுதமாக்கிக்கொண்டாள். அடுத்து ஒரு காலை மட்டும் மெல்ல மெல்லக் கூடாரத் திசையில் நகர்த்தினான். அவள் பேசிக்கொண்டே அப்பக்கம் நகர்ந்து நின்றாள். அதற்கும் பின், "அந்தக் குழாய் என்ன? வீட்ல ஒழுகுதா?" என்று ஒரு கேள்வி வீசினாள். அவன் மறுமொழி சொல்ல வாய் திறக்குமுன் தன் வீட்டில் ஒழுகிய கதைக்குள் புகுந்தாள்.

வேறு வழியின்றி, விடைபெறும் பெருங்கணையை எய்தான் வீரன். இவ்வூரார் எழுந்து போக வேண்டுமானால் இரு தொடையிலும் இரு உள்ளங்கையால் ஓங்கி அறைந்து "ரைட்!" என்பார்கள், அதைக் கேட்டபின் விருந்தாளியைப் பிடித்து வைக்கும் அதிகாரம் அரசிக்கும் இல்லை. ஆனால் ஒரு கையில் குழாய் இருந்ததே! ஒற்றைத் தொடையில்தான் அறைய முடிந்தது. அரை அறை, அரை வலிமை.

"ரைட்" என்றான்.

"ஆமா ஆமா, போகலாம், யாரு வேணாம்னா? இத மட்டும் கேட்டுட்டுப் போங்க" என்றாள் வினிஃப்ரெட். அந்த 'இது' தன் மாமனாரின் காலத்திலிருந்து தொடங்கியது.

கண் இருண்டது டெஸ்மண்டுக்கு. கோப்பையில் தன் பெயர் பொறிக்கப்பட வேண்டிய இடம் வெறுமையாய் மின்னுவது மனக்கண்ணில் தெரிந்தது. அந்நேரம், வினிஃப்ரெட் பேச்சை நிறுத்தினாள். ஆம், நிறுத்தினாள். வாய் திறந்தபடி, கண் விரிந்தபடி, அவன் தோளுக்கு மேல் எதையோ பார்த்து நின்றாள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

சந்தின் மறுமுனையில் பாதிரியார் ஹம்ஃப்ரி ஆல்ட்ரெட் வந்துகொண்டிருந்தார்.

வேலியே, இனி என் நாவைக் காப்பாய்! ஆல்ட்ரெட்டைப்போல நல்லவர் ஊரில் இல்லை. அவரைப்போல அஞ்சத்தக்கவரும் இல்லை. மற்றவர்கள் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவரோ தலையை ஒரு பக்கம் சாய்த்து, கேட்டுவிட்டு, உண்மையிலேயே விடைக்காகக் காத்திருப்பார். அதைத் தாங்கிய ஆங்கிலேயர் எவரும் இல்லை. மேலும் அறுவடை விருந்து வரும் பருவம் அது. ஊர் முழுக்கக் கோயில் கூடத்தில் அமர்ந்து உண்ணும் அவ்விருந்துக்குப் பொறுப்பேற்பவர் உருளைக்கிழங்கு முதல் உப்பு வரை வீடு வீடாகக் கெஞ்சி வாங்க வேண்டும். சென்ற ஆண்டு பொறுப்பேற்ற அம்மையார் போர்த்துகலில் உள்ள மகள் வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பாதிரியார் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் மாட்டேன் என்று சொல்ல இவ்வூர் மொழியில் சொற்கள் உண்டு, சொல்லும் வாய்தான் இல்லை.

பகைவர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். மறுநொடி, மறித்தவளும் மறிபட்டவனும் ஒருங்கே வேலிக்குள் பாய்ந்தனர்.

"தலைய தாழ்த்துங்க!" என்று சீறினாள் வினிஃப்ரெட்.

"முழங்கால் மடங்க மாட்டேங்குது."

"முழங்கால அப்புறமா பாத்துக்கலாம்! அந்தக் குழாய உள்ள இழுங்க, கொடிமரம் மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கு!"

சொன்னவள் தானே குழாயைப் பிடித்து இழுத்தாள். முள்ளில் எங்கோ மெல்லிய ஒலி ஒன்று கேட்டது. அவள் வேண்டுமென்றே இழுத்தாளா, அச்சத்தில் இழுத்தாளா என்பது குறித்து மதுக்கடையில் இன்றும் இரு கட்சி உண்டு. அடியேன் அவள் அச்சத்தை நம்புகிறேன். காரணம், அவள் அப்போது டெஸ்மண்டின் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

காலடி ஓசை நெருங்கியது. நின்றது.

"வேலிக்குள்ள வைக்கோல் தொப்பி காய்ச்சிருக்கே!" என்றது இனிய குரல். "அட, மிசஸ் பாஸ்கோமும் இருக்கீங்களா! பறவை பாக்குறீங்களா ரெண்டு பேரும்?"

"ஆமா ஃபாதர்" என்றாள் வினிஃப்ரெட், முள்ளோடு எழுந்து நின்று. "குருவி."

"என்ன குருவி?"

அவள் மழைக்கோட்டில் தைத்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.

பாதிரியார் தலையைச் சாய்த்தார். சாய்த்து, "அறுவடை விருந்துக்கு யாராவது மனசு வைப்பாங்களான்னு பாக்குறேன்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு அமைதியானார். அத்துடன் மௌனப் போர் மூண்டது. இவ்விடத்து வழக்கம் இது: அப்படியொரு மௌனத்தை முதலில் உடைப்பவர், இருமினாலும் சரி, அப்பொறுப்பை ஏற்றவர் ஆவார். மூவரும் நின்றனர். வேலியில் சொட்டிய நீர் சொட்டியது. நெடுநேரம் முழங்காலிட்டு வாய் பேசாமல் ஜெபித்துப் பழகிய பாதிரியாரோடு மௌனத்தில் மோதுவது, கடலோடு குடத்தை மோதவிடுவது. வினிஃப்ரெட்டின் உதடு துடித்தது. உள்ளே நாத்தனாரின் இடுப்பு முட்டி மோதியது. கைகளால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் டெஸ்மண்ட் பாதிரியாரின் கையைப் பார்த்தான். கையில் மணி!

எத்தனையோ சாலைச் சந்திப்புகளில் எத்திசை வண்டி எப்போது வரும் என்று கணித்த மூளை அன்று மின்னியது. மணி இவர் கையில். இவர் இங்கே நிற்கும்வரை அது அங்கே ஒலிக்காது. ஆனால் நானும் இங்கே நின்றால் காய் அங்கே போகாது. இங்கிருந்து விடுதலை பெற ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலுக்குள் உருளைக்கிழங்கும் உப்பும் வீடு வீடாகக் கெஞ்சலும் குவிந்து கிடக்கின்றன. பெட்டிஃபரின் பெயரை நினைத்தான். மறுகணம், களத்தில் தன் தலையைத் தானே அரிந்து வைக்கும் பழங்கால மறவனைப்போல நெஞ்சை நிமிர்த்தினான்.

"நான் பண்றேன், ஃபாதர்."

"ஐயோ, வேணாம் பெட்டிஃபர் வீட்டுக்காரரே!" என்று அலறினாள் வினிஃப்ரெட். எதிரியும் இரங்கிய இடம் அது.

பாதிரியாரின் கண்ணில் நீர் கோத்தது. "நெஜமாவா? கர்த்தர் உங்கள ஆசீர்வதிக்கட்டும், மிஸ்டர்... மிஸ்டர்..."

"ட்ரஸ்காட்."

"பெட்டிஃபர் வீடுதானே?"

"ஆமா" என்று சொல்லி, குழாயைத் தோளேற்றி, ஓடினான். ஓடினான் என்று பாடுவது காவிய மரபு. முழங்கால் விட்ட அளவுக்கு நடையைக் கூட்டினான் என்பது உண்மை. பின்னால், தன் இரக்கத்திலிருந்து சட்டென்று தெளிந்த வினிஃப்ரெட், "மணி அடிக்க நேரமாச்சே ஃபாதர், வாங்க வாங்க!" என்று பாதிரியாரின் முழங்கையைப் பற்றி இழுத்தாள். நன்றியில் நனைந்திருந்த பாதிரியாரோ நகரவில்லை. தலையைச் சாய்த்தார்.

"அடிக்கலாம்மா, என்ன அவசரம்? உங்க நாத்தனாருக்கு அந்த இடுப்பு எப்படி இருக்கு?"

காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார். ஒருபுறம் வெள்ளிக் கோப்பை. மறுபுறம், இதுவரை யாரும் விரும்பிக் கேட்டிராத ஒரு கதையை விரும்பிக் கேட்கும் ஒரு காது. வினிஃப்ரெட்டின் முகத்தில் இரண்டும் மல்லுக்கட்டின. பாவம், அவளும் மனுஷிதான். "எந்தப் பக்கத்த கேக்குறீங்க ஃபாதர்?" என்றாள்.

மணி ஒலிக்குமுன் டெஸ்மண்ட் கூடாரம் புகுந்தான். பூசணியும் வெங்காயமும் அணிவகுத்த மேசையின் ஓரத்தில், பித்தளை அளவுகோலை வாளைப்போல ஏந்தி நின்றாள் நடுவர் ஓரியல் டாக்கெட். உறவு பாராதிருக்கவென்றே பக்கத்து ஊரிலிருந்து வரவழைக்கப்படும் அம்மையார். ஈரத்துணியை அவிழ்த்தான். அவரைக்காய் வெளிப்பட்டது. பச்சைப் பட்டாய், பளபளப்பாய், ஒரு கோணலும் இல்லாமல் கிடந்தது. கூடியிருந்தோர் மூச்சை இழுத்தனர்.

"வால் எங்க?" என்றாள் நடுவர்.

நுனியில் வளைந்து நிற்க வேண்டிய மெல்லிய வால் அங்கே இல்லை.

"வேலியில போயிடுச்சு" என்றான் டெஸ்மண்ட்.

"வேலியில இருக்கிற வால நான் அளக்க முடியாதுங்க. மேசையில இருக்கிறதத்தான் அளப்பேன்."

அளந்தாள். வினிஃப்ரெட்டின் காய் அதைவிட நகக்கண் அளவு கூடுதல் நீளமாக இருந்தது. பிறகு, வெளியே, மெல்ல வந்து சேர்ந்த பாதிரியாரின் கைமணி ஒலித்தது. டெஸ்மண்ட் தேநீர்ப் பந்தலின் பின்புறம் போய்த் தனியே நின்றான். ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டுக் காரிலேயே உட்கார்ந்து அழுத பிள்ளைகளின் முகங்கள் அவனுக்கு அப்போது நினைவு வந்தன. ஒருவரிடமாவது ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. மாரியன் வந்தாள். கேலி ஒன்றும் செய்யாமல் ஒரு கோப்பைத் தேநீரை அவன் கையில் வைத்தாள்.

வெள்ளிக் கோப்பை போயிற்று, ஒப்புக்கொண்ட விருந்து போகவில்லை. மறுவாரமே அவன் களமிறங்கினான். அப்போதுதான் ஊர் அறிந்தது, தான் எத்தகைய வேங்கையைத் தட்டி எழுப்பிவிட்டது என்பதை. முன்னிருக்கையில் அமர்ந்து, முன்னறிவிப்பின்றி உள்ளங்கையை நீட்டி "நிறுத்து!" என்றதும் வண்டி அந்த இடத்திலேயே நிற்கிறதா என்று சோதிப்பது அவன் பழைய தொழிலின் ஓர் அங்கம். அதே கையை இப்போது அவன் சந்தின் நடுவே நின்று நீட்டினான். கார்கள் நின்றன, மிதிவண்டிகள் நின்றன, நடந்து போனவர்களும் தம்மையறியாமல் காலைத் தரையில் அழுத்தி நின்றனர். பக்கத்து நகரத்தில் அவன் தேர்வு நடத்திய காலத்தில், ஊரில் பாதிப் பேர் அவனிடம் ஒருமுறை தோற்றவர்கள். மீதிப் பேர் தோற்றவர்களின் தாய்தந்தையர். நின்றவர்களிடம் இறைச்சி அடை கேட்டான், ஆப்பிள் கேட்டான், நாற்காலி கேட்டான். அவர்கள் இடுப்பைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் தொடங்கினால் பேசாமல் கையை நீட்டினான். பேச்சும் நின்றது.

ஊர் அவனுக்கு அஞ்சத் தொடங்கியது. அவன் தொப்பி தெரிந்ததும் கடைக்காரர் கதவைச் சாத்தினார், தோட்டத்தில் இருந்தவர்கள் குப்புறப் படுத்தனர், பாதிரியாரே ஒருமுறை சுவரேறிக் குதித்தார் என்பர். ஒருவரையொருவர் எச்சரிக்க வேண்டிய அவசியமும் வந்தது. அங்கேதான் சிக்கல். 'பெட்டிஃபர் வீட்டுக்காரர் வருகிறார்' என்று சொல்லி முடிப்பதற்குள் பெட்டிஃபர் வீட்டுக்காரர் வந்து கையை நீட்டிவிடுகிறாரே! ஆபத்து நேரத்தில் அத்தனை நீளம் யாரால் கத்த முடியும்?

ஆகவே, கார்மேகம் கவிந்து காற்று வீறிட்டு வேலி அலைகடலென ஆர்ப்பரித்த ஒரு காலைப்பொழுதில், தன்னை முன்பு எந்த வளைவில் மறித்தார்களோ அதே வளைவில் வைக்கோல் தொப்பி தலைக்கணியாக, நீட்டிய உள்ளங்கையே படைக்கலமாக, வெற்றித் திருமகளும் ஒதுங்கி வழிவிட நம் அண்ணல் நடந்து வருகையில், தபால்பெட்டிக்குப் பின்னே தலையை இழுத்துக்கொண்ட வினிஃப்ரெட் பாஸ்கோம், எதிர்வரிசை வீடுகள் எட்டும் கேட்க, ஜன்னல்கள் பதினாறும் அதிர, "ஓடுங்க! டெஸ்மண்ட் வர்றாரு! டெஸ்மண்ட்!" என்று கூவினாள், கூவியது ஒருமுறை அன்று, இருமுறை, கேட்ட டெஸ்மண்ட் ட்ரஸ்காட், நெஞ்சம் பந்தலேறிய கொடிபோல் நிமிர்ந்து, கண் பனித்து, முழங்கால் வலி மறந்து, வானும் மண்ணும் தன் பெயரையே ஒலிப்பதாய் உணர்ந்து, அந்தச் சந்தின் நடுவில் சற்று நேரம் அசையாமல் நின்றான்.

பிறகு அவன் அவளிடம் விருந்துக்கு உருளைக்கிழங்கு கேட்டான், அவளும் சரி என்றாள்.